வாயு வகை மாற்றப்படவில்லை

முன்னாடி ஊர்ந்துக்கிட்டுப் போகுதே, அந்த லாரியப் பாத்தீங்களா? சிலிண்டர் லாரிங்க. அது வழி உடற வரைக்கும் நம்ம பஸ்ஸு நடந்துதான் போகும். அவசரப்பட்டு ஒண்ணும் ஆகப்போறதில்ல. அரவேனுல உங்க சொந்தக்காரங்க விசேசம் எங்கயும் ஓடிப் போயிராது. நல்லாச் சாஞ்சு உக்காருங்க.

அதுல கழுத்து கறுப்பா இருக்கறது நைட்ரஜன். செவப்பு ஹைட்ரஜன். தவிட்டு நெறத்துல இருந்தா ஹீலியம். அது ஒண்ணுகூட இல்ல பாருங்க. இருக்காது. இருந்திருந்தா நான் ஞாயித்துக்கிழமையும் அதுவுமா இந்த மலையில ஏறிக்கிட்டிருக்க மாட்டேன்.

நமக்கு அதாங்க தொழில். மேட்டுப்பாளையத்துல ஒரு லேபு. லேபுன்னு சொன்னாலே ஜனங்க கைய நீட்டிக்கிட்டு ரத்தம் குடுக்க வந்துர்றாங்க. ரத்தமும் இல்ல, மூத்திரமும் இல்ல. யூகலிப்டஸ் தைலம், ஏலக்காய் எண்ணெய், மிளகு எண்ணெய், இதுல எது அசல், எது கலப்படம்னு பாத்துச் சொல்றது. அதுக்கு ஜி.சி.ன்னு ஒரு மிசினு. நீங்க பி.காம்.னு சொன்னீங்க, இருந்தாலும் சொல்றேன், புரிஞ்ச வரைக்கும் வெச்சுக்கோங்க.

ஒரு சொட்டு எண்ணெய ஊசில எடுத்து மிசின்ல உட்டா, சூட்டுல ஆவியாயிரும். உள்ள முடியாட்டம் மெல்லிசா ஒரு குழாய். நீட்டிப் புடிச்சா இந்தப் பஸ்ஸ ஒரு சுத்துச் சுத்தி மிச்சம் இருக்கும். அதச் சுருட்டி வெச்சிருப்பாங்க. ஆவிய அந்தக் குழாய் வழியாத் தள்ளிக்கிட்டுப் போக ஒரு வாயு வேணும். அதுக்குப் பேரு கேரியர் கேஸ். எண்ணெய்க்குள்ள இருக்கற ஒவ்வொரு சரக்கும் ஒவ்வொரு நேரத்துக்கு வெளிய வரும். வர்றப்ப கம்ப்யூட்டர்ல குன்றாட்டம் ஒரு கோடு எந்திரிக்கும், அத பீக்குன்னு சொல்லுவோம். எத்தனாவது நிமிசத்துல எந்திரிக்குதோ அத வெச்சு இது இன்ன சரக்குன்னு கம்ப்யூட்டரு பேரு போட்டுக்கும். அவ்வளவுதான்.

சும்மா தூக்கிட்டுப் போறதுதான, எந்த வாயுவா இருந்தா என்னன்னு கேப்பீங்க. எங்க எம்.டி.யும் அப்படித்தான் கேட்டாரு. அவரும் பி.காம்.தான்.

ஹீலியம் இருக்குதே, அது பெரிய மனுசன். எதோடயும் ஒட்டாது, எவனோடயும் சண்டைக்குப் போகாது, தீப்புடிக்காது. தூக்கிட்டுப் போன்னா தூக்கிட்டுப் போகும். வேகமும் உண்டு. நான் வேலைக்குச் சேந்த நாள்ல இருந்து ஹீலியத்துலதான் ஓட்டிக்கிட்டிருந்தேன். நைட்ரஜன் நல்ல ஆளுதான், ஆனா மாட்டு வண்டி. நிதானமா உட்டா ஒழுங்காப் பிரிச்சுக் குடுக்கும். கொஞ்சம் வெரட்டினாப் போதும், ரெண்டு பீக்கும் ஒண்ணோட ஒண்ணு அப்பிக்கிட்டு நிக்கும். மத்தியானத்துக்குள்ள முடியற வேலைக்குப் பொழுது சாயற வரைக்கும் கொட்டாவி உட்டுக்கிட்டு உக்காந்திருக்கோணும். மூணாவது ஹைட்ரஜன். அவசரக்குடுக்கைங்க. ஓடறதுல அத அடிச்சுக்க ஆளில்ல, நான் இல்லைன்னு சொல்லலை. ஆனா குழாய் எங்காச்சும் விரிசல் உட்டு மிசினோட சூட்டு அடுப்புக்குள்ள போய்ச் சேந்துச்சுன்னா, அடுப்புக் கதவு எதுத்த செவுத்துல போய் ஒட்டிக்கும். அந்த மாதிரி ஆளக் கூப்பிட்டு நடு ஊட்டுல உக்கார வெப்பாங்களா?

அதுக்குன்னு வந்துச்சு பாருங்க தட்டுப்பாடு. ஹீலியத்த நாம யாரும் காய்ச்சி எடுத்துக்க முடியாது. வெளிநாட்டுல பூமிக்கு அடியில இருந்து வரோணும். சப்ளைக்காரன் இன்னைக்கு வரும், நாளைக்கு வரும்னு சொல்லிச் சொல்லி, கடைசில போன எடுக்கறதையே உட்டுட்டான். நான் என்ன சொன்னேன்னா, ஹீலியம் வர்ற வரைக்கும் மிசினுக்குத் துணி போத்தி வெச்சுருவோம்னேன். எம்.டி. என்னைய ஒரு மாதிரி பாத்தாரு. ஏனுங் வெள்ளியங்கிரி, அப்படியே கஸ்டமருக்கும் துணி போத்திரலாமான்னு கேட்டாரு. தொழில் தெரியாதவங்க அப்படித்தான் பேசுவாங்க. நான் அதப் பெருசா எடுத்துக்கறதில்ல.

அப்பத்தான் ஜெசிந்தான்னு ஒரு பொண்ணக் கொண்டாந்து சீஃப் கெமிஸ்ட்டா உக்கார வெச்சாரு. தூத்துக்குடிப் பக்கம். பி.எச்டி.யாம். அந்த நாற்காலி நொம்ப நாளாக் காலியாக் கெடந்துச்சு. நாந்தான் உக்காருவேன்னு ஆபீசு கூட்டற அம்மணிக்குக்கூடத் தெரியும். எனக்கு அதுல வருத்தமில்லீங்க. நாற்காலில என்ன இருக்குது. அதோட உசரமே எனக்கு ஒத்து வராது, முதுகு புடிச்சுக்கும்.

வந்த வாரமே அந்தப் பொண்ணு ஹைட்ரஜன்னுருச்சு. சிலிண்டர்கூட வேண்டாமாம், தண்ணியில இருந்து பிரிச்சுக் குடுக்கற பொட்டி ஒண்ணு வாங்கிப் போட்டா ஆருக்கும் காத்திருக்க வேண்டாமாம். எங்களை எல்லாம் நிக்க வெச்சுப் பாடம் எடுத்துச்சு. என்னைய. நான் கையக் கட்டிக்கிட்டு, ஏனுங் மேடம், ஆளுக வேலை செய்யற எடத்துல வெடியக் கொண்டாந்து வெக்கறீங்களேன்னு கேட்டேன். அது சிரிச்சுச்சு.

"சார், இதே மிசின்ல கடைசில ஒரு சுடர் எரியுதுல்லா, இத்தனை வருசமா அது எந்தக் கேஸ்ல எரியுது?"

ஹைட்ரஜன்லதான் எரியுது. அதுக்கென்ன இப்ப? எரியறதுக்கு வெச்சது வேற, சொமக்கறதுக்கு வெச்சது வேற. பந்தல்ல சமையல்காரன் இருக்கான்னு அவனையே தாலி கட்டச் சொல்லுவாங்களா? சொன்னா அந்தப் பொண்ணுக்குப் புரியாதுன்னு பேசாம உட்டுட்டேன்.

அப்புறம் அது ஒரு நடைமுறை போட்டுச்சு. கேஸ மாத்தினா, கம்ப்யூட்டர்ல வாயு வகைன்னு ஒரு கட்டம் இருக்குது, அதுலயும் மாத்தோணும். அதுக்கப்பறம் ஸ்டாண்டர்டு, அதாவது அசல்னு தெரிஞ்ச சுத்தமான சரக்கு, அத மொதல்ல ஓட்டி, எது எந்த நேரத்துக்கு வருதுன்னு மிசினுக்குப் புதுசாச் சொல்லிக் குடுக்கோணும். அப்புறந்தான் சாம்பிள். எனக்கு வந்து சொல்லுது. என்ற கண்ணே ஸ்டாண்டர்டுங்க. தைலத்துக்கு உசுரு சினியோல்னு ஒரு சரக்கு. அது எங்க எந்திரிக்கும், எவ்வளவு எந்திரிக்கும்னு தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவேன்.

இப்ப விசயத்துக்கு வர்றேன். என்ற ஊட்டுக்காரி வசந்தாமணி. அவளோட அண்ணன் திருமூர்த்தி, அரவேனுக்குக் கீழ தைலம் காய்ச்சறாரு. பள்ளிக்கூடத்துல பாதியில ஓடி வந்தவரு. தைல மரத்துத் தழைய அண்டாவுல போட்டுத் தீயப் போட்டா ஆவி வரப்போகுது, அதப் புடிச்சு ஆற வெச்சா எண்ணெய் மெதக்கப் போகுது. இதுல என்ன பெரிய வித்தை? ஆனா விசேசத்துக்குப் போனா அவருக்குத்தான் மொதப் பந்தி. தைலக்காரரு வந்துட்டாரு, எல போடுங்கம்பாங்க. நான் எம்.எஸ்சி.ங்க. என்னைய என்னன்னு சொல்லுவாங்க தெரியுமா? திருமூர்த்தியோட மாப்ளைம்பாங்க.

அந்தச் சமயம் வெளிமாநிலத்து மருந்துக் கம்பெனி ஒண்ணு அவரு காய்ச்சற தைலத்த வருசம் பூரா மொத்தமா எடுத்துக்கறதா இருந்துச்சு. சினியோல் நூத்துக்கு எம்பதுக்கு மேல இருந்தாப் போதும். அத நம்பி அவரு இன்னொரு அடுப்புப் போட்டு, தழை பொறுக்கப் பத்துப் பன்னண்டு பொம்பளைகளையும் புதுசாச் சேத்திருந்தாரு. சாம்பிள் எங்க லேபுக்குத்தான் வந்துச்சு. மேடம் ஏதோ கூட்டம்னு கொச்சிக்குப் போயிருந்துச்சு. சொந்தக்காரங்க சரக்கத் தொடக்கூடாதுன்னு ஒரு விதி இருக்குதுங்க. ஆனா வேற ஆரு இருக்காங்க? ரெண்டு பேரு இருந்தாங்க. அவங்களுக்கு என்ன தெரியும்?

நாந்தான் வால்வத் திருப்பினேன். தீரப்போற ஹீலியத்த மூடிட்டு ஹைட்ரஜனத் தொறந்தேன். மேடத்தோட உத்தரவுங்க, நானா ஆசப்பட்டது இல்ல. சொட்டு உட்டேன். ஓடுச்சு பாருங்க. என்ன அவசரம். எல்லாப் பீக்கும் முந்திக்கிட்டு வந்து நிக்குது. சினியோல் வர்ற நேரத்துக்குப் பாத்தா, சுண்டக்கா அளவுக்கு ஒண்ணு. அதுக்கு நொம்ப முன்னாடியே மலையாட்டம் ஒண்ணு எந்திரிச்சு நிக்குது. அதுக்குக் கம்ப்யூட்டரு பேரே போடலை, தெரியாததுன்னு போட்டிருக்குது. எனக்கு அப்பவே புரிஞ்சு போச்சு. திருமூர்த்தி எதையோ கலந்துட்டாரு.

எனக்குச் சந்தோசமா இருந்துச்சுன்னு நெனைச்சுராதீங்க. வருத்தந்தான். வருத்தத்தோடதான் போய் டீக் குடிச்சேன். அன்னைக்கு வடையும் வாங்கினேன், அது வேற.

ரிப்போர்ட்டுல ரெண்டாவது கையெழுத்து மேடம் வந்து போடோணும். ஒரு கலப்படத்துக்கு எதுக்குக் காத்திருக்கோணும்னு எம்.டி. கிட்டயே வாங்கிக் கம்பெனிக்கு அனுப்பிட்டேன். இனம் தெரியாத பொருள் பெருமளவில் கலந்துள்ளது. அழகா எழுதினேன். இன்னொருத்தனா இருந்தா போனப் போட்டு, மச்சான், சங்கதி இப்படி இருக்குது, என்ன பண்ணலாம்னு கேட்டிருப்பான். நான் கேக்கலை. பொண்டாட்டியோட அண்ணன்னு பாக்கலை. அதுக்குப் பேருதாங்க நேர்மை. உங்க ஆபீசுல அந்த மாதிரி எத்தனை பேரு இருக்காங்க, சொல்லுங்க பாப்போம்.

ரெண்டாம் நாளே மச்சான் எங்க ஊட்டுக்கு வந்துட்டாரு. கம்பெனிக்காரன் வேண்டாம்னுட்டானாம். சத்தமெல்லாம் போடலை. சத்தம் போட்டிருந்தா எனக்குச் சௌரியமா இருந்திருக்கும். வசந்தாமணி காப்பி கொண்டாந்து வெச்சா, அவரு தொடலை.

"மாப்ள, நான் ஒண்ணும் கலக்கலீங்க. இன்னொருக்காப் போட்டுப் பாருங்க."

"மிசினு பொய் சொல்லாதுங்க மச்சான். மனுசந்தான் சொல்லுவான்."

எப்படி வார்த்தை? டக்குன்னு வந்துச்சுங்க. அவரு என்னையப் பாக்கலை, தங்கச்சியப் பாத்தாரு. அப்புறம் எந்திரிச்சுப் போயிட்டாரு. போறப்ப செருப்ப மாட்டறதுக்கு நொம்ப நேரம் ஆச்சு. அவ வாசப்படியிலயே நின்னா. ஒருக்காப் போட்டுப் பாத்தா என்னன்னு கேட்டா. உனக்கு ஜி.சி.யப் பத்தி என்ன தெரியும்னேன். காப்பி டம்ளர எடுத்துக்கிட்டு உள்ள போயிட்டா.

மேடம் வந்துச்சு. பீக்குப் படத்தத் தொறந்து ஒரு பார்வ பாத்துச்சு. "வாயு வகைய மாத்தினீங்களா சார்?"னு கேட்டுச்சு. கம்ப்யூட்டரு உங்க டிபார்ட்மெண்டுங்க மேடம், என்றது கெமிஸ்ட்ரின்னேன். அதுவே உக்காந்துச்சு. கட்டத்துல ஹைட்ரஜன்னு மாத்துச்சு, ஸ்டாண்டர்ட ஓட்டுச்சு, மச்சான் சரக்க ஓட்டுச்சு. அந்த மலையாட்டம் நின்னதுதான் சினியோலாம். எம்பத்திரண்டு இருந்துச்சாம்.

உங்களுக்குப் புரியற மாதிரி சொல்றேன். இந்தக் கண்டக்டரு வெளிய பாக்காம, கைக்கடிகாரத்த மட்டும் பாத்து ஊர்ப்பேரு சொல்றாருன்னு வெச்சுக்கோங்க. பஸ்ஸு வழக்கத்த விட வேகமாப் போச்சுன்னா என்ன ஆகும்? அரவேனுல நிக்கறப்ப, கீழயே தாண்டி வந்த குஞ்சப்பனைம்பாரு. அதுதான் நடந்துச்சு. இப்பச் சொல்லுங்க, தப்பு ஆரு மேல? கண்டக்டரு மேலயா? வேகமாப் போன பஸ்ஸு மேலங்க. ஹைட்ரஜன் மேல. நான் அன்னைக்கே சொன்னேன், அது அவசரக்குடுக்கைன்னு. ஹீலியமா இருந்திருந்தா இது நடந்திருக்குமா?

திருத்தின ரிப்போர்ட்டு எழுதுங்கன்னு எம்.டி. என்கிட்டயே குடுத்தாரு. எழுதினேன். 'கருவியில் வாயு வகை மாற்றப்படவில்லை. ஆகவே முதல் அறிக்கை திரும்பப் பெறப்படுகிறது.' சுத்தமான வாக்கியங்க. நாங்க எப்பவும் அப்படித்தான் எழுதறது. எடுக்கப்பட்டது, சூடாக்கப்பட்டது, செலுத்தப்பட்டது. அதுல ஆளு வரக்கூடாது. ஆளு வந்தா அறிவியல் போச்சு.

ஆனா கம்பெனிக்காரன் அதுக்குள்ள வேற எடத்துல வாங்கிட்டான். மலையில பேச்சுக் கெளம்பிருச்சு, திருமூர்த்தி கலக்கறாராம்னு. வழக்கமா வாங்கற யாவாரிகளும் யோசிக்க ஆரம்பிச்சாங்க. பேச்சு ஒரு ஊட்டுல இருந்து இன்னொரு ஊட்டுக்கு ஓடிரும், திருத்தின ரிப்போர்ட்ட எவன் படிக்கறான்? மச்சான் ரெண்டு அடுப்பையும் அணைச்சுட்டு, தழை பொறுக்க வந்த பொம்பளைகளையும் வர வேண்டாம்னு சொல்லிட்டாரு. பொறுத்திருக்கலாமில்ல? படிக்காதவங்களுக்குப் பொறுமை கெடையாது.

அந்த வாக்கியத்த நாந்தான் கொண்டு போய் வசந்தாமணிகிட்டக் காட்டினேன். பாரு, உங்கண்ணன் சரக்கு அசலாம், எழுதியே குடுத்தாச்சுன்னேன். கண்ணாடியப் போட்டுக்கிட்டுப் படிச்சா.

"இதுல யாரு மாத்தலை?"

மாற்றப்படவில்லைன்னேன். அதான், யாருன்னா. உக்கார வெச்சு விளக்கினேங்க. ஹீலியத்துல ஆரம்பிச்சு, நைட்ரஜன் ஏன் ஆகாது, ஹைட்ரஜனோட கொணம் என்னன்னு ஒண்ணு உடாமச் சொன்னேன். பூராக் கேட்டா. கேட்டுட்டு எந்திரிச்சுப் போய்ப் பைய எடுத்தா. "எங்கண்ணன் முன்னாடி வந்து, நாந்தான் மாத்தலை, தப்பு எம்மேலன்னு உங்க வாயால சொல்லுங்க. அன்னைக்கு வர்றேன்"னு சொல்லிட்டு அண்ணன் ஊட்டுக்குப் பஸ் ஏறிட்டா.

எவ்வளவு திமிரு பாத்தீங்களா? இத்தனை வருசம் குடும்பம் நடத்தினவ. ஒரு கட்டத்துக்கு. கம்ப்யூட்டர்ல ஒரு சின்னக் கட்டத்துக்கு.

நான் ஒண்ணும் கஷ்டப்படலீங்க. சோறு நானே ஆக்கிக்கறேன். ரசம் மட்டும் ஒரு நாளைக்கு ஒரு மாதிரி வருது. எல்லாம் அளந்துதான் போடறேன், இருந்தாலும் வேற மாதிரி வருது. ஊட்டுல பேச்சுச் சத்தமே இல்ல, நிம்மதியாத்தான் இருக்குது. டி.வி.யக் கொஞ்சம் சத்தமா வெச்சுக்கறேன். வெளக்க அணைச்சுட்டுப் படுத்தா மட்டும் கொஞ்சம் தாங்க முடியறதில்ல. அது உண்மைதான், இல்லைன்னு எதுக்குச் சொல்லோணும்.

அப்ப நீங்களும் அரவேனுலதான இறங்குவீங்கன்னு கேக்கறீங்க. இல்லீங்க, கோத்தகிரிக்கு டிக்கெட்டு எடுத்திருக்கேன். போன வாரமும் கோத்தகிரிதான். அதுக்கு முந்தின ரெண்டு வாரமும். ஸ்டாண்டுல ஒரு டீயக் குடிச்சுட்டு அடுத்த பஸ்ல திரும்பிருவேன். மொத தடவ இறங்கலாம்னுதான் வந்தேன், மழையா இருந்துச்சு. அடுத்த தடவ மழை இல்ல, ஆனா ஸ்டாப்புல ஒரே கூட்டம். அவ்வளவு பேரு முன்னாடி என்னத்தப் பேசறது? போன வாரம் கூட்டமும் இல்ல. படி வரைக்கும் போனேன். டிரைவரு எடுத்துட்டான். அந்த ஆளுக்கு நிதானமே கெடையாது.

இந்தா, அரவேனு வந்துருச்சு. மெதுவா எந்திரிங்க, வளைவு இருக்குது. அதோ, அந்த பேக்கரிக்குப் பக்கத்துல, பச்சச் சீல, கையில குடை. அவதான். நேராப் பாக்காதீங்க. ஒவ்வொரு ஞாயித்துக்கிழமையும் இந்த பஸ் நேரத்துக்கு வந்து நிக்கறா. நான் இறங்குவேனான்னு அவ பாக்கறா. அவ ஏறுவாளான்னு நான் பாக்கறேன்.

ஒரு உதவி பண்ணுங்க. போற போக்குல அவகிட்ட 'மாத்தலை'ன்னு ஒரு வார்த்த சொல்லிருங்க. மாற்றப்படவில்லைன்னு சொல்லாதீங்க, அது அவளுக்குப் புடிக்கறதில்ல. மாத்தலை. நல்ல வார்த்தைங்க அது. நான் மாத்தலைன்னாலும் மாத்தலைதான், அவன் மாத்தலைன்னாலும் மாத்தலைதான், ஊரே மாத்தலைன்னாலும் மாத்தலைதான். அதுல ஆளு தெரியாது. அவளுக்கு யாரச் சேத்துக்கத் தோணுதோ, சேத்துக்கட்டும்.

கேப்பா. கண்டிப்பாக் கேப்பா. அவரா மாத்தலைன்னு கேப்பா, என்ற பேர அவ வாயால சொல்ல மாட்டா. கேட்டா நீங்க ஒண்ணும் பேச வேண்டாம். தலைய மட்டும் ஆட்டுங்க. ஆமான்னும் இருக்கக்கூடாது, இல்லைன்னும் இருக்கக்கூடாது, அந்த மாதிரி ஆட்டுங்க. உங்களால முடியும், பி.காம். படிச்சவங்களுக்கு அது நல்லா வரும். நான் சன்னல்ல பாத்துக்கிட்டேதான் இருப்பேன், கூடக்கொறைய ஆட்டிராதீங்க. போங்க, போங்க, விசில் ஊதிருவான்.

ஏனுங், இருங்க. கொஞ்சம் ஆமாப் பக்கம் சாஞ்சாலும் பரவால்லீங்க.